மேலிருந்து எடுத்த படம்

அருளுக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன். நீயும் "சரிம்மா, விடும்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதன் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே மாட்டோம். நம் குடும்பத்தில் எல்லாமே இப்படித்தான் மூடி வைக்கப்பட்டுக் கிடக்கிறது. அதனால்தான் உன் அக்காவைத் தாள் வாங்கிவரச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து புரியவில்லை என்றால் ரோசலினிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அவளும் படிக்க வேண்டிய கடிதம்தான் இது. உன் மனைவி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அன்று உன் கன்னத்தில் என் கை விழுந்தபோது, முதலில் எழுந்து வந்து என்னைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான்.

எண்பத்தைந்து வயதுக் கிழவி நான். நீ ஐம்பதை நெருங்குகிறாய். தலை நரைத்த மகனை, அவன் மாமனார் மாமியார் முன்னால், அவன் பெற்ற பிள்ளைகள் முன்னால், கை நீட்டி அடித்தேன். சம்பந்தி பாவம், சுங்கை ஆயர் தாவாரிலிருந்து என் பிறந்தநாளுக்கென்று வந்தவர், பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதா எழுந்து போவதா என்று தெரியாமல் நின்றார். நீ பரிசாகக் கொடுத்த படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. நீ குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாய். "டேவிட், செருப்பு போட்டுக்க, கால்ல குத்திடும்" என்று உன் மகனிடம் சொன்னாய். அவ்வளவுதான். நீ திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

முந்தாநாள் ரோசலின் போன் செய்தாள். "அத்தை, அவரு கோவமால்லாம் இல்ல. தன்மேலதான் வருத்தமா இருக்காரு. அம்மாவுக்கு எஸ்டேட்டுன்னாலே வெக்கம், அது தெரியாம எல்லாரு முன்னுக்கும் அந்தப் படத்த குடுத்து அசிங்கப்படுத்திட்டேன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இல்லை, அருள். ரப்பர் தோட்டத்தில் பிறந்ததற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. பால்மரம் வெட்டிப் பால் எடுத்துத்தான் உன்னையும் உன் அக்காவையும் படிக்க வைத்தேன். அதைச் சொல்ல எனக்கு எந்தச் சபையிலும் கூச்சம் இல்லை. நான் வெட்கப்படுவது வேறு ஒன்றுக்காக. அதை நீ தப்பாகப் புரிந்துகொண்டு உன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருக்கிறாய். அது தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், உன்னை இரண்டாவது தடவை அடித்த மாதிரி ஆகும்.

படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். உன் அப்பா போன பிறகு நான் யாரிடமும் பேசாமல் ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன் அல்லவா? அப்போது நீ செரண்டாவிலிருந்து வந்து, அந்தப் பலகை மாதிரியான கம்ப்யூட்டரை என் மடியில் வைத்தாய். சிவந்த மண்ணும் கல்லுமாக ஒரு படம். "இது எந்த ஊருடா? ஒங்க ஃபேக்டரி பக்கம் லோரியில மண்ணு அள்ளுவாங்களே, அந்த எடமா?" என்று கேட்டேன். "இல்லம்மா, செவ்வாய் கெரகம்" என்றாய். "கெழவிகிட்ட வெளாடாதடா" என்றேன். நீ ஒரு வண்டி அங்கே போய் இறங்கியதையும், ஆளில்லாமல் அது தானாக ஊர்ந்துபோய்ப் படம் எடுத்து அனுப்புவதையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குப் பொறுமையாகச் சொன்னாய். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு படம் அனுப்புவாய். செபம் முடித்ததும் நான் முதலில் அதைத்தான் தேடுவேன். உன் அக்கா, "மொதல்ல காப்பியக் குடிங்கம்மா, செவ்வா எங்கயும் ஓடிப் போயிராது" என்று திட்டுவாள்.

எனக்கு அந்தப் படங்கள் எவ்வளவு பிடிக்கும் என்று நான் உன்னிடம் சரியாகச் சொன்னதே இல்லை. விரலை வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு கல்லாகப் பார்ப்பேன். ஒரு கல் பாதி பிய்த்த தோசை மாதிரி இருக்கும். ஒன்று அடைகாக்கும் கோழி மாதிரி. வண்டியின் நிழல் மண்மேல் நீளமாக விழுந்திருக்கும் படத்தைப் பார்த்தபோது, சாயங்காலம் ஆகிவிட்டது, இனி அது எங்கே போய்ப் படுக்கும் என்று கவலைப்பட்டேன். சக்கரத்தில் ஓட்டை விழுந்திருந்த படத்தை அனுப்பினாய். "ஐயோ, அவ்ளோ தூரம் போயி பஞ்சராயிருச்சே, யாருடா ஒட்டுவா?" என்று கேட்டு உனக்குக் குரல் பதிந்து அனுப்பினேன். நீ சிரித்த சிரிப்பில் ரோசலினும் சேர்ந்து சிரித்தது கேட்டது. அங்கே சூரியன் மறையும்போது வானம் நீலமாகும் என்று ஒரு படம் அனுப்பினாயே, அதை ஒரு வாரம் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கோயிலில் மற்றக் கிழவிகள் முட்டிவலி பேசும்போது நான் செவ்வாயில் புழுதி சுழற்றி அடித்ததைப் பேசுவேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நீ அதைப் பார்த்துத்தான் ஆசையாக அந்தப் பரிசைச் செய்தாய். எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் நம் பழைய தோட்டத்தைத் தேடிப் பிடித்து, மேலிருந்து எடுத்த படத்தைக் கடையில் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, காகிதம் சுற்றிக் கொண்டுவந்தாய். கேக் வெட்டி முடிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, காகிதத்தைப் பிரித்தாய். "அம்மா, இது செவ்வாய் இல்ல. இது ஒன்னோட சொந்த கெரகம். எங்கன்னு சொல்லு பாப்போம்" என்றாய். எனக்கு முதலில் புரியவில்லை. பச்சையாக, புள்ளி புள்ளியாக இருந்தது. நல்ல படமாக இருக்கிறதே என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அப்போது நீ விரலை வைத்துக் காட்டினாய். "தோ, நீ பொறந்த லயம் இங்கதான் இருந்திருக்கணும்." அந்த இடத்தைச் சுற்றி நீ வெள்ளையில் ஒரு வட்டம் போட்டிருந்தாய்.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் என் கை எழுந்துவிட்டது. "யாருடா ஒன்ன இத எடுக்கச் சொன்னா?" என்று கத்தியது நானா என்று இப்போதுகூட நம்ப முடியவில்லை. அருள், அப்படி ஒரு வட்டத்தை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதை உனக்கு இன்றுவரை சொல்லவில்லை. உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் மலாயாவை ஆண்ட எமர்ஜென்சி காலம். எனக்குப் பதினைந்து வயது இருக்கும். காட்டுக்குள் கம்னிஸ்டுகாரர்கள் இருக்கிறார்கள், தோட்டத்து ஜனங்கள் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, சிதறிக் கிடந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளையெல்லாம் பிரித்து, ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டுவிட்டார்கள். ஒரே கேட். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் வைத்துச் சோதிப்பார்கள். ஒரு கைப்பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் நிற்பாள். மடியைத் தடவுவாள், கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள். மத்தியானம்வரை பட்டினியாகத்தான் மரம் வெட்டுவோம். அரிசியும் வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். எனக்குக் கீழே மூன்று பேர். அம்மா மறுபடியும் பிள்ளை உண்டாகியிருந்தாள். கஞ்சியில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது.

உன் தாத்தாவுக்குத் தோட்டத்தின் ஓரத்தில், சதுப்புக் காட்டை ஒட்டிய கால்வாய்களைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கே கால்வாய்க்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மேடான இடம் இருந்தது. அதில் மரவள்ளிக் குச்சிகளை நட்டார். வேலிக்கு வெளியே எதையும் பயிர் செய்யக் கூடாது என்று சட்டம். அது காட்டுக்காரர்கள் வயிற்றுக்குப் போய்விடுமாம். தாத்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு ஒதுக்கிய மரவரிசை, என் வேலைக் கட்டு, அந்த ஓரத்தில்தான் இருந்தது, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு அவரோடு போய்விடுவேன். அவர் குச்சியை வெட்டிக் கொடுப்பார், நான் மண்ணைக் குவித்து ஊன்றுவேன். வீட்டில் வாயே திறக்காத மனிதர் அங்கே என்னோடு ஓயாமல் பேசுவார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி நடப்பதுபோல நடந்து காட்டுவார். கோயிலில் பாட்டுக்காரர் சுருதி விட்டுப் பாடுவதைப் பாடிக் காட்டுவார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். என் அப்பாவை நான் அறிந்துகொண்டது அந்த மேட்டில்தான். முதல் கிழங்கு எடுத்த அன்று, உறைந்த ரப்பர் கட்டிப்பால் வாளிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து அவித்தோம். உன் சின்ன மாமா தோலையும் சேர்த்துத் தின்றான்.

ஒரு நாள் நாங்கள் அங்கே இருந்தபோது ஏரோப்பிளான் ஒன்று வந்தது. வழக்கமாகச் சத்தம் போட்டுக்கொண்டு கடந்து போய்விடும். இது போய்த் திரும்பி வந்தது. மறுபடி போய் மறுபடி வந்தது, வயலை உழுகிற மாதிரி. எனக்கு வேடிக்கையாக இருந்தது. எழுந்து நின்று கையை ஆட்டினேன். அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "கீழ உக்காரு புள்ள" என்றார். கிழங்கு இலைகளுக்கு அடியில் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் போன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியிருந்தது. படம் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, சும்மா பயந்தாரா, தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலில் எங்களை வேலைக்கு அனுப்பாமல் உட்கார வைத்தார்கள். வெள்ளைக்கார ஆபீசர் ஒருவர் போலீஸ் லோரியோடு வந்திருந்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. கையில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். பெரிய கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "ஏரோப்பிளான்லேருந்து எடுத்த படம் இது. வேலிக்கு வெளிய யாரோ கெழங்கு போட்டிருக்கீங்க. யாரு போட்டதுன்னு இப்பவே சொல்லிருங்க. இல்லாட்டி மொத்தத் தோட்டத்துக்கும் அரிசிய வெட்டிருவாங்க." வெயில் ஏறியது. பச்சைக் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண், "ஐயா, புள்ளைக்கு வெயிலு தாங்காதுங்க" என்று கெஞ்சினாள். கிராணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆபீசர் படத்தை அவரிடம் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் காட்டச் சொன்னார். யார் முகம் மாறுகிறது என்று பார்க்கத்தான்.

கிராணி வரிசையாக வந்து என் முன்னால் படத்தை நீட்டினார். இந்த இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இரண்டு நாளாகத் தாளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அருள், எனக்குப் பயம் மறந்துவிட்டது. அந்தப் படம் அவ்வளவு அழகாக இருந்தது. ரப்பர் மரங்கள் கோலம் போட வைத்த புள்ளி மாதிரி வரிசை வரிசையாக. லயங்கள் தீப்பெட்டி மாதிரி. கால்வாய்கள் ரூல் தடியால் இழுத்த கோடு. நாங்கள் காலையிலிருந்து நடந்து நடந்து கால் வலிக்கும் பாதை ஒரு நூல். எங்கள் ஊர் இதுதானா, கடவுள் எங்களை இப்படித்தான் பார்க்கிறாரா என்று நினைத்தேன். காட்டை ஒட்டி வெள்ளைப் பென்சிலால் ஒரு வட்டம். அதற்குள் சின்னக் கட்டமாக, பிள்ளை தைத்த ஒட்டுத்துணி மாதிரி எங்கள் மரவள்ளி. அதைக் கண்டுபிடித்ததும் நான் சிரித்துவிட்டேன். வாய் விட்டு இல்லை. ஆனால் முகம் முழுக்கச் சிரித்தேன்.

"என்னா சிரிக்கிற?" என்று கிராணி கேட்டார். ஆபீசர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் என்னை நோக்கி ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், ஆண்கள் வரிசையிலிருந்து அப்பா எழுந்து நின்றார். "அது என்னுதுங்க" என்றார். கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. "ஆரு கூடச் சேந்து போட்ட?" என்று கிராணி கேட்டார். "ஒத்தையாத்தாங்க." "அவ்ளோ எடத்தையும் ஒரே ஆளாவா?" "ஒத்தையாத்தாங்க." மூன்றாவது தடவையும் கேட்டார்கள். மூன்றாவது தடவையும் அதையே சொன்னார். அவர் கண் கிராணியைப் பார்த்தது, ஆபீசரைப் பார்த்தது, தன் காலைப் பார்த்தது. என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

பிறகு எங்கள் எல்லாரையும் அங்கே நடத்திக் கூட்டிப் போனார்கள். எல்லாரும் பார்க்க, அப்பாவே ஒவ்வொரு செடியாகப் பிடுங்க வேண்டும். முற்றிய கிழங்கு. பிடுங்கப் பிடுங்க மண்ணோடு தொங்கிக்கொண்டு வந்தது. பசியில் இருந்த ஜனங்கள் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். முதலில் எண்ணெய் நாற்றம், பிறகு கிழங்கு சுடும் வாசனை. அந்த வாசனைக்கு என் வாயில் எச்சில் ஊறியது. என் அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு எச்சில் ஊறுகிறது. காவலுக்கு நின்ற மலாய்க்கார கான்ஸ்டபிள் ஒருவர், தஞ்சோங் காராங் பக்கத்து நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை என்று பின்னால் சொன்னார்கள், நெருப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். எரிகிற உணவை அவரால் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது.

அப்படியும் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. தண்ணீர்க் குழாயில் எங்கள் அம்மா போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். பல மாதம் கழித்து அப்பாவை விட்டார்கள். நான் மரம் வெட்டித் திரும்பும் நேரம், கேட்டில் ஒரு ஆளைக் கையைத் தூக்கச் சொல்லித் தடவிக்கொண்டிருந்தார்கள். தலையை ஒட்ட வெட்டி, கன்னம் ஒடுங்கி, முதலில் அடையாளமே தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், கை இரண்டும் மேலே இருக்கும்போதே. அந்த நிலையில் மகள் தன்னைப் பார்த்துவிட்டாளே என்ற வெட்கம் அவருக்கு. நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாளியை வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகு, "பால் வாளி கனமா இருக்கா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசியதில்லை. நான் சிரித்ததால்தான் எழுந்து நின்றாரா, ஊருக்கே அரிசி போய்விடும் என்று ஒத்துக்கொள்ள முன்பே முடிவு செய்திருந்தாரா? கேட்டிருக்கலாம். எத்தனையோ சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மனிதர் அப்புறம் ஒரு மிளகாய்ச் செடிகூட நட்டதில்லை. கிராணி மாதிரி நடந்து காட்டியதும் இல்லை. உனக்கு அவரைக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். பிளான் சத்தம் கேட்டால் வாசலில் இருப்பவர் எழுந்து உள்ளே போய்விடுவார். "தாத்தா ஏம்மா உள்ள ஓடுறாரு?" என்று நீ கேட்டாய். "காது வலிடா, சத்தம் ஆகாது" என்றேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து நீ பஞ்சு கொண்டுவந்து அவர் காதில் வைத்தாய். அவர் மறுக்கவில்லை. நீ வீட்டில் இருக்கும்போதெல்லாம் அந்தப் பஞ்சோடுதான் உட்கார்ந்திருப்பார். நீ ஏதாவது பேசினால் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டு, மறுபடி வைத்துக்கொள்வார். ஒரு பிள்ளையிடம் நான் சொன்ன பொய்யை அந்த வயசாளி சுமந்தார். நீ இன்றைக்கும் உன் பிள்ளைகளிடம் தாத்தாவுக்குக் காது நோய் என்றுதான் சொல்கிறாய். போன வருஷம் டேவிட் என்னிடம் அதைக் கேட்டபோதும் நான் தலையை ஆட்டினேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும், செவ்வாய்ப் படங்கள் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தன என்று. நானே இதை அன்று அடித்த பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோதுதான் யோசித்தேன். அந்த மண்ணில் யாரும் இல்லை. எந்தக் கல்லுக்குப் பின்னாலும் யாரும் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒருவர் வீட்டு அடுப்பு அதில் அகப்படாது. நான் வாய் நிறையச் சிரிக்கலாம், அதற்காக யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. பதினைந்து வயதில் ஒரே ஒரு நிமிஷம் கிடைத்த சந்தோஷத்தை, நீ எனக்குத் தினமும் காலையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அது தெரியாமலே கொடுத்தாய், நானும் தெரியாமலே வாங்கிக்கொண்டேன்.

அம்மா என்ற உரிமையில் உனக்கு இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று தெரியவில்லை. அடித்தவளுக்கு அறிவுரை சொல்ல என்ன யோக்கியதை? இருந்தாலும் சொல்கிறேன். உன்மேல் யாராவது காரணமில்லாமல் பாய்ந்தால், காரணம் உன்னிடம்தான் இருக்கும் என்று உடனே தலையைக் குனியாதே. உன் தாத்தாவும் அப்படித்தான் எல்லாவற்றையும் "என்னுதுங்க" என்று வாங்கிக்கொண்டார். நீயும் அவர் மாதிரியே இருக்கிறாய். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. உன் பிள்ளைகள் ஏதாவது கேட்டால், வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடு. நான் காதுவலி என்று சொன்னது உன்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நீ ஆசையாகக் கொண்டுவந்த பரிசே என்னை அடிக்கும் ஆயுதம் மாதிரி எனக்குத் தெரிந்துவிட்டது. நீ என்ன செய்வாய்? உனக்கு யார் சொன்னார்கள்?

கண்ணாடி உடைந்ததே தவிரப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அக்கா அதை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். நேற்றுக் கேட்டு வாங்கினேன். "வேணாம்மா, மறுபடியும் மனசு கெட்டுப் போவும்" என்றாள். "குடு லா" என்று அதட்டினேன். பயமாகத்தான் இருந்தது. கட்டிலில் விரித்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ரப்பர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. மேலிருந்து பார்த்தால் செம்பனை மரம் நட்சத்திரம் மாதிரி இருக்கிறது, கவனித்தாயா? இவ்வளவு நட்சத்திரத்தை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஒரு லோரி ரோட்டில் போகிறது, அதன் நிழல்கூடத் தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது போனதே தெரியவில்லை. நல்ல படம் அருள். நீ நல்ல படம்தான் கொடுத்தாய்.

இனி நான் கேட்கப் போவதற்கு நீ மறுப்புச் சொல்லக் கூடாது. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அக்கா காரில் செரண்டாவுக்கு வருகிறேன். சம்பந்தி இருவரையும் வரச் சொல். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிடாதே. அன்று யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, அவர்கள் எல்லாரும் இருக்க வேண்டும். அவர்கள் முன்னால்தான் அடித்தேன், அவர்கள் முன்னால்தான் கேட்க வேண்டும். தாத்தாவைப் பற்றி டேவிட்டிடம் நானே சொல்வேன். இந்தக் கடிதத்தைக் காட்டிச் சமாளிக்க மாட்டேன், வாயால் சொல்வேன். பெற்ற தாய் மகனிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று சம்பந்தியம்மா பதறுவார்கள். நீ நாற்காலியை விட்டு எழுந்து, "வேணாம்மா, உக்காரும்மா" என்று என் கையைப் பிடிக்க வருவாய். எனக்கு உன்னைத் தெரியும். பிடிக்காதே. என் குரல் நடுவில் நின்றுபோனாலும் நீ எழுந்திருக்காதே. உட்கார்ந்து, கடைசிவரை கேள். நான் நின்றுகொண்டு பேச வேண்டும்.

உன் அம்மா